குடிவழி காக்கும் கணினி

ஒரு நாட்டின் வரலாறு நெடுங்காலம் அந்நாட்டு மன்னர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்தது. மன்னன் பிறந்தான், முடிசூடினான், போர் புரிந்தான், கொடை வழங்கினான் என்பனவே கல்லிலும் செம்பிலும் இடம்பெற்றன. அம்மன்னன் கண்ட ஏரிக்கு மண் சுமந்தவர் எவர், அவர்தம் மக்கள் எவ்வூர் சென்று எவ்வாறு வாழ்ந்தனர் என்பனவற்றைக் கூறும் கல்வெட்டு அரிது. குடிமக்களின் கால்வழி அவர்தம் நாவிலும் நெஞ்சிலும் மட்டுமே வாழ்ந்தது. நா ஓய்ந்த அன்றே அதுவும் ஓய்ந்தது.

இந்நிலையை மாற்ற வல்ல கருவி ஒன்று இன்று நம் இல்லங்களுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. மாணவர் பாடம் எழுதுவதற்கும், பெரியோர் கணக்குப் பார்ப்பதற்கும் வாங்கிய கணினியே அது. அதனைக் கொண்டு நம் குடும்பங்களின் வரலாற்றைத் தொகுத்து வைப்பது எங்ஙனம், அதனை இப்பொழுதே செய்யவேண்டுவது ஏன் என்பவற்றை நம் சங்கத்தின் இவ்வாண்டு மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

மன்னர் வழியும் மக்கள் வழியும்

தம் முன்னோர் வரிசையை எழுதி வைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. அவற்றின் வடமொழிப் பகுதி சோழர் குலத்தின் முன்னோரை வரிசைப்படக் கூறுகிறது. கம்பர் தம் காப்பியத்தில் குலமுறை கிளத்துப் படலம் என்று ஒரு படலத்தையே அமைத்தார். குலவழி கூறுதல் ஒருவர்க்குப் பெருமை தரும் செயல் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை.

நாம் வாழும் பேத்தமங்களாவும் அரசன் பெயரைச் சுமந்த ஊரே. இதன் பழம் பெயர் விசயாதித்திய மங்கலம் என்பதை வரலாறு கற்றோர் அறிவர். பாலாற்றின் நீரைத் தேக்கி நிற்கும் இவ்வூர்ப் பேரேரியும் பழமையானது. கோலார் வட்டாரத்து வயல்களிலும் ஏரிக் கரைகளிலும் நிற்கும் நடுகற்கள், ஊரைக் காத்து வீழ்ந்த மறவர்களின் நினைவைத் தாங்குகின்றன. அரசனுக்குச் செப்பேடு கிடைத்தது. போரில் மாண்டவனுக்கு நடுகல் கிடைத்தது. உழுதும் அகழ்ந்தும் சுமந்தும் உயிர் வாழ்ந்த பெருந்தொகையினர்க்கு யாதும் கிடைக்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் இம்மூன்றாம் வகையினரின் வழிவந்தவர் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பாலாற்றை எதிர்த்து வந்தோர்

பாலாறு இவ்வூரைக் கடந்து, ஆந்திர நாட்டின் ஒரு மூலையைத் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ஆர்க்காடு வழியே ஓடிக் கடலை அடைகிறது. ஆறு கீழ்நோக்கிச் சென்ற வழியில் நம் முன்னோர் பலர் மேல்நோக்கி வந்தனர். 1876ஆம் ஆண்டில் தொடங்கிய கொடும் பஞ்சத்தை ‘தாது வருடப் பஞ்சம்’ என்று நம் பாட்டிமார் கூறக் கேட்டிருக்கின்றோம். அப்பஞ்சம் தென்னாட்டை வாட்டி ஓய்ந்த சில ஆண்டுகளுக்குள், 1880ஆம் ஆண்டையொட்டி, ஜான் டெய்லர் கம்பெனியார் கோலாரில் தங்கச் சுரங்கத் தொழிலில் இறங்கினர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஆகிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளுடன் வந்து சேர்ந்தன.

சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு 1864ஆம் ஆண்டிலேயே இருப்புப்பாதை இருந்தது. இன்று பங்காரப்பேட்டை எனப்படும் பௌரிங்பேட்டையிலிருந்து தங்கவயலுக்குக் கிளைப்பாதை 1894ஆம் ஆண்டில் வந்தது. நடந்து வந்தோரும், மாட்டுவண்டியில் வந்தோரும், இரயிலில் வந்தோரும் எனப் பல்வேறு வழிகளில் வந்து மாரிக்குப்பம், சாம்பியன் ரீப், உரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்களைச் சூழ்ந்து நம்மவர் குடியமர்ந்தனர். 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் பேத்தமங்களா ஏரியின் நீர் குழாய் வழியே சுரங்கங்களுக்குச் சென்றது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கியது.

எத்தனை அடி தோண்டினர், எத்தனை அவுன்சு தங்கம் எடுத்தனர் என்பதற்குக் கம்பெனியின் கணக்கு உண்டு. ஆனால், எந்தச் சிற்றூரில் எந்த வேப்பமரத்தடி வீட்டைப் பூட்டிவிட்டு அவர்கள் புறப்பட்டனர் என்பதற்குக் கணக்கு இல்லை. அக்கணக்கை எழுத வேண்டியவர் நாமே.

எண்ணாகிப் போன மனிதர்

கடல் கடந்து சென்ற தமிழரின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் பயன் தரும். 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911ஆம் ஆண்டு வரை 152,184 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றவர். ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள மச்சம் அல்லது தழும்பு ஆகியவை பட்டியலில் எழுதப்பட்டன.

மனிதரைச் சரக்காகக் கருதி எழுதிய பட்டியல் அது. எனினும் ஒரு நூற்றாண்டுக்குப் பின் அப்பட்டியல் கணினியில் ஏற்றப்பட்டபொழுது, அதுவே அம்மக்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தாய்வீட்டின் வாயிலாயிற்று. கொள்ளுப்பாட்டனின் எண்ணைத் தேடி, அவன் ஊரின் பெயரைக் கண்டு, தமிழகம் வந்து அவ்வூர் மண்ணை மிதித்த தென்னாப்பிரிக்கத் தமிழர் உண்டு. மொரீசியசுத் தீவில் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிலையமும் இத்தகைய குடியேற்ற ஆவணங்களைக் காத்து வருகிறது. அங்கே சென்றோர் பலரின் நிழற்படங்களும் அவற்றுள் அடங்கும்.

நம் முன்னோரோ கடல் கடக்கவில்லை. நூறு கல் தொலைவுக்குள்ளேயே இடம் பெயர்ந்தனர். அதனால் கப்பல் பட்டியல் நமக்கு இல்லை. கம்பெனி வைத்திருந்த பதிவுகள் வேலை வாங்குவதற்கு எழுந்தவை. தொழிலாளரின் கைரேகையைப் பதிந்து அவர்களை அடையாளப்படுத்தும் முறை புகுத்தப்பட்டபொழுது, 1930ஆம் ஆண்டில் தங்கவயல் தொழிலாளர் அதனை எதிர்த்துப் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். பிறர் தம்மைப் பதிந்து வைத்துக்கொள்வதை அன்று மறுத்தவர்களின் வழியினராகிய நாம், இன்று நம்மை நாமே பதிந்துகொள்ளும் உரிமையைக் கைக்கொள்ள வேண்டாமா? பிறர் எழுதும் பதிவுக்கும் தாமே எழுதும் வரலாற்றுக்கும் உள்ள வேற்றுமை பெரிது. முன்னதில் மனிதன் எண். பின்னதில் அவன் தந்தை, அவள் தாய்.

கணினி செய்வது யாது?

குடும்ப வரலாற்றுக்கென எழுதப்பட்ட கணினி மென்பொருள்கள் ஏறக்குறைய 40 ஆண்டுகளாகப் புழங்கி வருகின்றன. அமெரிக்காவின் சால்ட் லேக் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கிறித்தவத் திருச்சபை ஒன்று, முன்னோரைத் தேடிப் பதிவதைத் தன் சமயக் கடமைகளுள் ஒன்றாகக் கொண்டது. ‘பெர்சனல் ஆன்செஸ்ட்ரல் பைல்’ என்னும் மென்பொருளையும், ‘கெட்காம்’ என்னும் பொதுப் பதிவு முறையையும் 1984ஆம் ஆண்டையொட்டி அத்திருச்சபையே வெளியிட்டது. பின்னர்ப் பலரும் பல மென்பொருள்களை ஆக்கினர். தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்ட அதே 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘கிராம்ப்ஸ்’ என்பது விலையின்றிக் கிடைப்பது. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

இவற்றின் உட்பொருள் எளியது. ஒவ்வொரு மனிதர்க்கும் ஒரு தனி அட்டை இருப்பதாகக் கொள்க. அதில் அவர் பெயர், பிறந்த நாள், ஊர், தொழில், மறைந்த நாள் ஆகியவை அடங்கும். ஒவ்வொரு குடும்பத்திற்கும் மற்றோர் அட்டை உண்டு. அதில் கணவன், மனைவி, மக்கள் ஆகியோரின் அட்டை எண்கள் மட்டும் குறிக்கப்படும். இவ்விருவகை அட்டைகளைக் கொண்டே, ஒருவர் மற்றொருவர்க்கு என்ன முறை என்பதைக் கணினி நொடியில் கண்டு கூறும். கொடிவழிப் படத்தை வரைந்து தரும். பெயரைக் கேட்டால் அவர் வழியினர் அனைவரையும் அடுக்கிக் காட்டும். தாளில் எழுதிய கொடிவழியில் ஒரு குழந்தையைச் சேர்க்கவேண்டின் படம் முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். கணினியிலோ ஓர் அட்டையைச் சேர்த்தால் போதும்.

முன்னோர்க்கு எண்ணிடும் பழைய முறை ஒன்றும் இங்குப் பயன்படும். ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அறியப்பட்ட முறை அது. தம்மை 1 எனக் கொண்டால் தந்தை 2, தாய் 3. தந்தையின் தந்தை 4, தந்தையின் தாய் 5. தாயின் தந்தை 6, தாயின் தாய் 7. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் தந்தையின் எண் கிடைக்கும். அதனோடு ஒன்றைக் கூட்டினால் தாயின் எண் கிடைக்கும். நம் பள்ளிச் சிறுவர்க்கு இதனைக் கற்பித்தால், 8 முதல் 15 வரையுள்ள எட்டு மூதாதையரின் பெயர்களுள் எத்தனை தமக்குத் தெரியும் என்று அவர்களே எண்ணிப் பார்ப்பர். பெரியவர்களாகிய நம்மிலும் எண்மரையும் அறிந்தவர் மிகச் சிலரே ஆவர்.

நம் பெயரும் நம் உறவும்

இம்மென்பொருள்கள் மேனாட்டார் குடும்ப முறையை நோக்கி எழுந்தவை. ஆதலின் அவற்றை நம் வழக்கிற்கு ஏற்பக் கையாளுதல் வேண்டும். முதலில் பெயரைக் காண்போம். மேனாட்டார்க்குக் குடும்பப் பெயர் உண்டு. தந்தைக்கும் மகனுக்கும் அது ஒன்றே. நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னெழுத்து. தலைமுறைதோறும் அது மாறும். குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் எதையேனும் நிரப்பவேண்டும் என்று எண்ணி, ஒருவர் தந்தை பெயரையும் மற்றவர் ஊர்ப் பெயரையும் எழுதினால் பின்னால் பெருங்குழப்பம் நேரும். அக்கட்டத்தை வெறுமையாக விட்டு, தந்தை பெயரை அதற்குரிய இடத்தில் முழுமையாக எழுதுதலே நன்று. முன்னெழுத்தை மட்டும் எழுதி நிறுத்தலாகாது. ‘மு’ என்பது முனுசாமியா, முருகேசனா, முத்துவா என்பதைப் பேரன் எங்ஙனம் அறிவான்?

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது நம் மரபு. பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபு. ஆகவே ஒரே குடும்பத்தில் நான்கு முனுசாமிகள் இருத்தல் இயல்பு. கணினி ஒவ்வொருவர்க்கும் தனி எண் தருவதால் நால்வரும் கலந்துவிடமாட்டார். மேலும், ஒருவர்க்கே பல பெயர்கள் உண்டு. வீட்டில் அழைத்த பெயர் ஒன்று. பள்ளியில் எழுதியது ஒன்று. கம்பெனி எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு ஆங்கிலத்தில் எழுதியது மற்றொன்று. பண்டிதர் அயோத்திதாசரின் இயக்கம் இவ்வயலில் வேரூன்றியபொழுது பௌத்தம் தழுவியோரும் உண்டு. கிறித்தவம் தழுவியோரும் உண்டு. அவர்களுள் புதுப்பெயர் கொண்டவர் இருப்பின் இரண்டு பெயர்களையும் எழுதுக. மாற்றுப் பெயர் எழுதுவதற்கு மென்பொருளில் இடம் உண்டு. எந்தப் பெயரையும் திருத்தவேண்டா. எங்கே எவ்வாறு காணப்பட்டதோ அவ்வாறே எழுதுதல் வேண்டும்.

உறவு முறையைப் பற்றியும் சில கூறவேண்டும். ஆங்கிலத்தில் பெரியப்பாவும் சித்தப்பாவும் தாய்மாமனும் அத்தையின் கணவரும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவர். தமிழ் மொழியோ ஒவ்வொருவர்க்கும் உரிய சொல்லை வைத்திருக்கிறது. அமெரிக்க அறிஞர் லூயிசு என்றி மார்கன் 1871ஆம் ஆண்டில் வெளியிட்ட உறவுமுறை ஆராய்ச்சிப் பெருநூலில் தமிழ் உறவுப் பெயர்களை விரிவாக ஆராய்ந்தார். நம் அடுக்களையில் நாள்தோறும் ஒலிக்கும் மாமன், அத்தை என்னும் சொற்கள் உலக அறிஞர் வியந்து கற்ற செல்வம் என்பதை நம் இளைஞர் உணர்தல் வேண்டும்.

அவருக்குப் பின் வந்த ரிவர்சு என்னும் ஆங்கில அறிஞர், 1901ஆம் ஆண்டையொட்டி நீலகிரிக்கு வந்து தோடர் குடும்பங்களின் கால்வழியைத் தொகுத்து 1906ஆம் ஆண்டில் நூலாக்கினார். இறந்தோரின் பெயரை உறவினர் சொல்லலாகாது என்பது தோடர் வழக்கு. ஆதலின் ஒரு குடும்பத்தாரின் முன்னோர் பெயரை வேறு குடும்பத்தாரைக் கேட்டு அவர் அறிந்தார். உறவுமுறைச் சொற்கள் மயக்கம் தரும் என்பதால் தந்தை, தாய், பிள்ளை, கணவன், மனைவி என்னும் சில சொற்களை மட்டும் கொண்டே அவர் வினவினார். இன்றைய மென்பொருள் செய்வதும் இதுவே. நம் வீட்டில் ஒருவரை ‘மாமா’ என்று பலரும் அழைப்பர். அவர் தாயுடன் பிறந்தவரா, அத்தையின் கணவரா, அடுத்த வீட்டு அன்பரா என்று தெளிந்த பின்னரே அட்டை எழுத வேண்டும்.

மாமன் மகளை மணத்தலும் அக்காள் மகளை மணத்தலும் நம்மவரிடையே வழங்கிய முறைகள். அத்தகைய குடும்பங்களில் கொடிவழி மரம் போல் விரியாது. வலைபோல் பின்னிக் கிடக்கும். தந்தை தம் தாய்மாமன் மகளை மணந்திருப்பின், மேலே கூறிய எண்களில் 10ம் 12ம் ஒருவரே. 11ம் 13ம் ஒருவரே. எட்டுப் பேராக இருக்கவேண்டிய மூதாதையர் அறுவராகச் சுருங்குவர். தந்தை தம் உடன்பிறந்த அக்காள் மகளையே மணந்திருப்பின், 4ம் 14ம் ஒருவராவர். 5ம் 15ம் ஒருவராவர். இதனை அறியாதார் ஒரே பாட்டிக்கு இரண்டு அட்டைகள் எழுதிவிடுவர். புதிய அட்டை எழுதுமுன் அவர் முன்பே உள்ளாரா என்று தேடிப் பார்த்தல் இன்றியமையாதது.

சான்றுகளைத் திரட்டுதல்

கணினி எதனையும் நினைவில் கொண்டு பிறப்பதில்லை. நாம் இடுவதையே அது காக்கும். ஆகவே முதற்பணி வீட்டிலுள்ள தாள்களைத் திரட்டுதல். பணிச் சான்றிதழ், வருங்கால வைப்பு நிதிச் சீட்டு, குடும்ப அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், சாதகக் குறிப்பு, தேவாலயத்தின் திருமுழுக்குப் பதிவு, கல்லறைக் கல் ஆகிய யாவும் சான்றுகளே. பழைய திருமண அழைப்பிதழ் ஒன்று கிடைக்குமாயின் அது பொற்சுரங்கம் எனலாம். பாட்டன் பெயரும், சொந்த ஊரும், நாளும், இடமும் அதில் ஒருங்கே கிடைக்கும்.

இவையனைத்தினும் நாம் கருதாது எறிந்துவிடும் ஒன்று உண்டு. அதுவே மொய் நோட்டு. யார் எவ்வளவு எழுதினார் என்று பார்த்துக் கடன் கழிந்தபின் அதனைப் பழந்தாள் கடைக்குப் போட்டுவிடுகிறோம். ஆனால், ஊரும் பெயரும் வரிசையாக எழுதப்பட்ட அந்நோட்டு, அவ்வாண்டில் நம் குடும்பத்திற்கு எந்தெந்த ஊர்களில் உறவு இருந்தது என்பதைக் காட்டும் சான்று. குடியாத்தத்திலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் வந்து இரண்டு ரூபாய் எழுதியவர் யார் என்று வினவினால், மறந்துபோன ஒரு கிளையே வெளிப்படக்கூடும்.

நாள் குறிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நம் முதியோர் ஆங்கில ஆண்டைச் சொல்வதில்லை. ‘தாது வருடத்தில் பிறந்தவர்’ என்பர். தமிழ் ஆண்டுகள் அறுபதும் சுழன்று வருவன. தாது என்பது 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். அவருடைய மூத்த மகன் எப்பொழுது வேலைக்குச் சேர்ந்தான் என்று ஒத்துப் பார்த்துத் தெளிதல் வேண்டும். தெளிவு பெற இயலாதவிடத்துச் ‘சுமார்’ என்றும், ‘முன்’, ‘பின்’ என்றும் எழுத மென்பொருள் இடந்தருகிறது. நாள் நினைவில்லாதவரை நிகழ்ச்சியைக் கொண்டு வினவலாம். கைரேகை வேலைநிறுத்தத்திற்கு முன்னா பின்னா? 1956ஆம் ஆண்டில் அரசு சுரங்கங்களை ஏற்றபொழுது குழந்தைக்கு நடை பழகியிருந்ததா? இவ்வாறு கேட்டால் மறந்தவையும் நினைவுக்கு வரும்.

ஊர்ப் பெயரிலும் கருத்து வேண்டும். பழைய வட ஆர்க்காடு மாவட்டம் பலவாகப் பிரிந்துவிட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் 2019ஆம் ஆண்டு முதல் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. நம் மாநிலமும் 1973ஆம் ஆண்டு வரை மைசூர் என்றே வழங்கியது. ஆவணத்தில் உள்ள பெயரையும் இன்றைய பெயரையும் சேர்த்து எழுதுதல் தேடுவோர்க்கு உதவும்.

எல்லாவற்றுள்ளும் தலையாயது முதியோரின் வாய்மொழி. அதிலும் பெண்டிரின் நினைவே பெருஞ்செல்வம். ஆண்களின் பெயர் கம்பெனிப் பதிவில் ஓரளவேனும் இருக்கும். பெண்களின் பெயர் பெரும்பாலும் எங்கும் இராது. எந்தக் குழந்தை எந்த மழையில் பிறந்தது, எது பால்குடியிலேயே மறைந்தது, எந்த மருமகள் எவ்வூரிலிருந்து வந்தாள் என்பவற்றைப் பாட்டி ஒருத்தியே அறிவாள். அவளிடம் எழுதுகோலை எடுத்துக்கொண்டு போய் அமர்ந்தால் நாணி ஒதுங்குவாள். அவள் அரிசி புடைக்கும்பொழுது அருகில் அமர்ந்து, கைப்பேசியில் குரலைப் பதிந்துகொண்டு, ஒரு பழைய நிழற்படத்தைக் காட்டி, ‘இது யார் பாட்டி?’ என்று கேட்டால் போதும். அக்குரல் பதிவையும் அவள் அட்டையோடு கணினியில் இணைத்து வைக்கலாம். நூறாண்டுக்குப் பின் வரும் பெயர்த்தி தன் முன்னோள் ஒருத்தியின் குரலைக் கேட்பாள். இப்பேறு இராசேந்திர சோழனுக்கும் வாய்த்ததில்லை.

காக்கவேண்டிய முறைமைகள்

மென்பொருளும் அழியும் இயல்பினது. மேலே கூறிய ‘பெர்சனல் ஆன்செஸ்ட்ரல் பைல்’ 2013ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆகவே எந்த மென்பொருளைக் கைக்கொள்ளினும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் ‘கெட்காம்’ முறையில் ஒரு படி எடுத்து வைத்தல் வேண்டும். அது எழுத்து வடிவில் அமைந்த எளிய கோப்பு. வேறு மென்பொருள்களும் அதனைப் படித்துக்கொள்ளும். ஒரு படி வீட்டிலும், மற்றொரு படி வெளியூரில் வாழும் உடன்பிறந்தாரிடத்தும் இருத்தல் நலம். தாளில் அச்சிட்ட படி ஒன்றும் வேண்டும். மின்சாரம் இன்றிப் படிக்கக்கூடியது அது ஒன்றே.

தமிழிலேயே எழுதுக என்பது எமது வேண்டுகோள். முன்பு ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டைக் கையாண்டது. ஒரு கணினியில் எழுதிய தமிழ் மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றிற்று. 1991ஆம் ஆண்டில் வெளிவந்த ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றமையால் இவ்விடர் படிப்படியாக நீங்கிவிட்டது. 2021ஆம் ஆண்டின் ‘கெட்காம்’ ஏழாம் பதிப்பு ஒருங்குறியையே முறையாகக் கொண்டது. எனவே ஒருங்குறித் தமிழில் பெயரை எழுதி, ஆவணத்தில் கண்ட ஆங்கில எழுத்தையும் உடன் குறித்தல் சாலும்.

வாழ்வோரைப் பற்றிய செய்திகளில் அடக்கம் வேண்டும். ஆதார் எண், வங்கிக் கணக்கு முதலியன கால்வழியில் இடம்பெறத் தகாதவை. பிறர்க்குப் படி அளிக்கும்பொழுது உயிரோடு இருப்போரின் செய்திகளை மறைத்துத் தரும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. அதனைக் கையாளுதல் கடமை. சாதி என்னும் கட்டத்தை நிரப்புவதும் விடுப்பதும் அவ்வக் குடும்பத்தாரின் உரிமை. எவரையும் வற்புறுத்தலாகாது. குடும்பத்தில் நேர்ந்த துன்பங்கள், பிரிவுகள், சுரங்கத்தில் பாறை வெடித்து மாண்டோரின் செய்திகள் ஆகியவற்றை எழுதும்பொழுது, அவற்றைச் சுமந்து வாழ்வோரின் மனம் அறிந்து எழுதுதல் வேண்டும். மறைப்பது வேறு, மதிப்போடு எழுதுவது வேறு. உண்மையை ஒழிக்காமலும் உள்ளத்தைப் புண்படுத்தாமலும் எழுதுதலே பண்பாடு.

ஒன்று மட்டும் உறுதியாகக் கூறுவோம். கிடைக்காத முன்னோரைக் கற்பனையால் நிரப்பலாகாது. அரச குலத்தோடும் வள்ளல்களோடும் உறவு கற்பித்துக் கொடிவழியை அழகுபடுத்துவார் உண்டு. நமக்கு அது வேண்டா. சுரங்கத்தில் இறங்கி உழைத்து நம்மைப் படிக்கவைத்த பாட்டனைவிடப் பெரிய மூதாதை நமக்கு எவர்?

இப்பொழுதே செய்வோம்

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நூற்றிருபது ஆண்டுகளாக நம்மை ஓரிடத்தில் நிறுத்தியிருந்த தொழில் அன்றோடு நின்றது. அதன்பின் நம் இளைஞர் விடியற்காலை இரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்பலாயினர். பலர் அங்கேயே குடியேறினர். சிலர் அயல்நாடும் சென்றனர். வட ஆர்க்காட்டை விட்டு வந்தபொழுது நம் முன்னோர் ஊரை இழந்தனர். தங்கவயலை விட்டுச் செல்லும்பொழுது நாம் அவ்விழப்பின் நினைவையும் இழந்துவிடுதல் கூடும். சொந்த ஊரின் பெயரைத் தம் தந்தையின் வாயால் கேட்ட தலைமுறையினர் இன்று எண்பதைக் கடந்து நிற்கின்றனர். அவர்கள் கதவைத் தட்டுவதற்கு நமக்கு மிஞ்சியிருக்கும் காலம் சிறிது.

ஆகவே நம் காலனிக் குடும்பங்களின் முன் ஓர் எளிய வேண்டுகோளை வைக்கின்றோம். அடுத்த ஆண்டு விழாவுக்குள் ஒவ்வொரு வீட்டாரும் 1 முதல் 15 வரையுள்ள பெயர்களை இயன்ற அளவு நிரப்புக. கணினி பயின்ற பிள்ளைகள், கணினி இல்லாத வீட்டாரிடம் சென்று எழுதித் தருக. முதியோரின் சொல்லை இளையோர் கேட்பதற்கு ஒரு காரணம் கிடைக்கும். இளையோரின் கல்வியால் முதியோர் பயன் பெறுவர். எல்லார் ஒப்புதலும் பெற்ற பின், அத்தொகுதியின் படி ஒன்றைச் சங்கமும் போற்றி வைத்தல் கூடும். அடுத்தடுத்த வீட்டில் ஐம்பது ஆண்டு வாழ்ந்தோர் இருவரின் கொள்ளுப்பாட்டியர் ஒரே சிற்றூரில் பிறந்தவர் என்று அன்று தெரியவந்தாலும் வியப்பில்லை.

நம் முன்னோர் இருளில் இறங்கிப் பொன்னைத் தேடிப் பிறர்க்கு அளித்தனர். மறதி என்னும் இருளில் இறங்கி அவர்களைத் தேடி எடுத்து, நம் மக்களுக்கு அளித்தல் நமது பணி. வாழ்க நம் குடிவழி! வளர்க தமிழ்!